வரிசையில் வைக்காத போத்தல்

கையெழுத்து நல்லதென்று பெயரெடுத்தால் சாகும்வரை விடமாட்டார்கள். நான் பென்சன் எடுத்து எத்தனையோ வருடம். இன்னமும் கோயில் அறிவித்தலா, கலியாணப் பட்டியலா, என்னிடம்தான் வருகிறார்கள். போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பாலர் பாடசாலை ரீச்சர் ஒரு தாளும் வெள்ளை மட்டையும் கொண்டுவந்தார்.

"அன்ரி, இதைப் பெரிய எழுத்தில எழுதித் தாங்கோ. வாசலில தொங்கவிடப் போறன். தாய்மார் பார்க்கட்டும்."

சின்னப் பிள்ளைகளுக்கு நாளாந்தம் என்ன குடிக்கக் கொடுக்கலாம் என்பதுதான் தாளில் இருந்தது. கொதித்தாறிய தண்ணீர். சீனி போடாத பால். கொடுக்கக்கூடாதவை என்று கீழே இன்னொரு வரிசை: தேத்தண்ணீர், சர்பத், சோடா, சீனித் தண்ணீர். மூன்றாவது சொல்வரை எழுதினேன். நான்காவதுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

என் வயதுக்காரர்கள் சிரிப்பீர்கள், தெரியும். நாங்களெல்லாம் தேத்தண்ணீர் குடித்து வளரவில்லையா, கல்லுப்போல இருக்கிறோமே என்பீர்கள். அந்தக் கதையை என்னிடம் கதைக்க வேண்டாம். எங்களில் கல்லுப்போல இருக்கிறவர்கள்தான் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் எங்கள் வீட்டில் வளரவில்லை. அதற்குக் காரணம் ஒரு சின்னப் போத்தல். அதைப் பற்றிப் போன ஞாயிறுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு ஒன்றரை. துறைமுக மதிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டினார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்கள் அவை. பின்னேரம் மூன்று மணிக்குக்கூட முற்றத்து மண் காலைச் சுடும். காற்றோடு டீசல் மணமும் கருவாட்டு மணமும் சேர்ந்து குசினிக்குள் வரும். அந்த வருடம் அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மூன்று கிழமை ஆசுபத்திரியில் கிடந்தார். எழும்பி வந்தபோது உடம்பில் எலும்பு மட்டுந்தான் மிச்சம். தங்கச்சிக்குக் கொடுக்கப் பாலில்லை.

பாலில்லாத பிள்ளை என்றால் ஊர் சும்மா இருக்குமா? எல்லாருக்கும் அவளில் இரக்கம். இரக்கப்பட்டவர்களெல்லாம் அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

அம்மா பால்மாவைக் கரைத்து, அது தண்ணீராய்க் கிடக்கிறதே என்று இரண்டு கரண்டி சீனி போட்டுச் சூப்பிப் போத்தலில் கொடுப்பார். அப்பா வேலை முடிந்து வரும்போது சுடுதண்ணிப் போத்தலில், ரின்னில் வருகிற இனிப்புப் பால் விட்ட தேத்தண்ணீர் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார். அது லாஞ்சில் போடுகிற தேத்தண்ணீர், கரண்டி நட்டால் நிற்கும். போத்தலின் மூடியில் ஊற்றி ஊதி ஊதித் தங்கச்சிக்குப் பருக்குவார். பக்கத்து வீட்டில் கிண்ணியாவிலிருந்து கலியாணம் கட்டிவந்த முஸ்லிம் அக்கா இருந்தார், எங்களுக்கு ராத்தா. வேலிக்கு மேலால் ரோசாப் பூ நிறச் சர்பத் ஒரு கிளாஸ் நீளும். திரியாயிலிருந்து அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வந்தால் கறந்த பால் கொண்டுவந்து, பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சிச் செம்பு நிறைய வைத்துவிடுவார்.

தங்கச்சி சோறு கண்டால் வாயை மூடிக்கொண்டாள். முன்பல் இரண்டின் ஓரம் மண்ணிறமாகிக்கொண்டு வந்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நின்றது. மாமி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் மணக்கவில்லை, ஆகவே கண்ணூறுதான் என்று முடிவாயிற்று. கையில் கறுப்பு நூல் ஏறியது. உடம்பில் சதை ஏறவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை வாசிகசாலையில் பிள்ளைகளை நிறுப்பார்கள். கூரை வளையில் ஒரு வட்டத் தராசு தொங்கும். கொக்கியில் துணிக் காற்சட்டை ஒன்று. அதற்குள் பிள்ளையின் காலை விட்டுத் தொங்கவிட்டால் முள் ஓடி நிற்கும். மிட்வைஃப் அந்த நிறையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். அட்டையில் நல்ல நிறைக்கான பச்சைப் பட்டை ஒன்று இருந்தது. தங்கச்சியின் கோடு அந்தப் பட்டையை விட்டுக் கீழே இறங்கிய நாளன்று மாமியும் எங்களோடு வந்திருந்தார்.

"என்னம்மா இது," என்றார் மிட்வைஃப். "மூண்டு மாசமா இறங்குது. வாற மாசமும் இப்பிடியெண்டால் நான் ஆசுபத்திரிக்கு எழுதவேணும்."

வீட்டுக்கு வந்ததும் மாமி காலைக்கூடக் கழுவவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் கதைத்தார், அம்மாவைப் பார்க்கவில்லை.

"தம்பி, உன்ர மனுசிக்கு ஏலாது. வருத்தக்காரி. நான் குறை சொல்லேல்ல. என்னட்ட மாடு நிக்குது, வீடு நிறைய இடம் கிடக்குது, பிள்ளைதான் இல்லை. வாற மாசமும் கோடு ஏறாட்டி நான் இவளைக் கொண்டு போறன்."

தாய் தகப்பன் இல்லாத அப்பாவை வளர்த்தெடுத்தது மாமிதான். அக்கா சொன்னால் அப்பாவிடம் மறுகதை இல்லை. அம்மா குசினியில் கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். மாமி கெட்ட மனுசி இல்லை, இதைச் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டதில் ஆசையும் இருந்தது, உண்மையான பயமும் இருந்தது.

அடுத்த கிழமை மிட்வைஃப் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். அன்றைக்கு அப்பாவும் வீட்டில்.

"ஒரு நாளைக்கு இவவுக்கு என்னென்ன குடிக்கக் குடுக்கிறீங்கள்?"

"பால்மா மட்டுந்தான் மிஸ்," என்றார் அம்மா. பொய் சொல்லவில்லை. தான் கொடுப்பதைச் சொன்னார்.

மிட்வைஃப் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைச் சொறிந்தார். "நான் வரேக்க ஒரு மூடி தேத்தண்ணி. அது என்ன, ஒரு வாய்."

வேலிக்கு அங்காலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "நானும் ஒரு கிளாஸ் சர்பத் குடுப்பன் மிஸ். பச்சப் புள்ள, வெயிலுக்கு நாக்கு வரளாதா?"

"சரி," என்றார் மிட்வைஃப். "ஒருத்தரும் கோவிக்கவேண்டாம். ஆரார் எதில குடுக்கிறீங்களோ அந்த ஏனத்தைக் கொண்டுவந்து இதில வையுங்கோ."

சீமெந்து நிலத்தில் வரிசையாக வைத்தார்கள். சூப்பிப் போத்தல், சுடுதண்ணிப் போத்தலின் மூடி, ராத்தாவின் கிளாஸ். மாமியின் செம்பை அம்மாவே அலுமாரியிலிருந்து எடுத்துவந்து கடைசியில் வைத்தார். மிட்வைஃப் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பச் சொன்னார். பிறகு தங்கச்சி சோறு சாப்பிடுகிற சின்னக் கிண்ணத்தை வாங்கி நடுவில் வைத்தார்.

"பிள்ளையின்ர வயிறு இவ்வளவுதான்."

சூப்பிப் போத்தலை அதில் ஊற்றினார். கிண்ணம் நிறைந்தது. மூடியை ஊற்றினார், வழிந்தது. கிளாஸை ஊற்றினார். தண்ணீர் சீமெந்தில் ஓடி அப்பாவின் பெருவிரலைத் தொட்டது. அப்பா காலை இழுத்துக்கொண்டார். செம்பை மிட்வைஃப் தொடவில்லை.

"இதுக்கு மேல சோறு எங்க போறது? பிள்ளைக்குப் பசியே வாறேல்ல அம்மா. சீனிதான் போகுது. முதல் சாப்பாடு. பிறகு கொதிச்சாறின தண்ணி. காலையும் பின்னேரமும் சீனியில்லாமப் பால். வேற ஒண்டும் வேண்டாம், ஆரும் குடுக்கவும் வேண்டாம்."

"இவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு மிட்வைஃப் என்னைப் பார்த்தார். "இந்த அக்கா ஒண்டும் குடுக்கிறேல்லயோ?"

"இல்லை மிஸ்," என்றேன்.

ஐந்தாவது போத்தல் என் பள்ளிக்கூடப் பைக்குள் இருந்தது. பழைய இருமல் மருந்துப் போத்தல், மண்ணிறக் கண்ணாடி. அதன் வாயில் தங்கச்சியின் தேய்ந்த சூப்பி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தேன். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா மருந்துக் களையில் படுத்துவிடுவார். தங்கச்சி என் பொறுப்பு. அவளோ ஓயாத அழுகை. எனக்கோ கதைப் புத்தகம் வாசிக்க வேண்டும். வாசிகசாலைப் புத்தகத்தை இரண்டு நாளில் திருப்ப வேண்டும். சீனித் தண்ணீரைக் கரைத்து வாயில் வைத்தால் ஒரு மணித்தியாலம் அவள் சத்தமில்லாமல் கிடப்பாள். அம்மா நித்திரை கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பச்சைப் பொய். புத்தகத்துக்காகத்தான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் திருந்திவிட்டார்கள். அப்பா சந்தியிலேயே தேத்தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் போத்தலோடு வந்தார். தங்கச்சி ஓடிப்போய் அந்த மூடியைப் பிடித்து ஆட்டுவாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ராத்தா சர்பத்துக்குப் பதிலாக அவித்த முட்டையைக் கொடுத்தனுப்பினார். அம்மா குழைந்த சோற்றில் நெத்தலியும் கீரையும் பிசைந்து, ஒரு கவளத்துக்கு ஒரு காகம் காட்டி ஊட்டினார்.

நான் திருந்தவில்லை. ஒரே ஒரு போத்தல்தானே என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்பதை என் கண்ணாலேயே பார்த்த பிறகும் நினைத்தேன்.

நிறுக்கிற நாளுக்கு ஒரு கிழமை இருக்கையில் அம்மாவுக்குப் பொறுக்க முடியவில்லை. சந்திக் கடைக்குத் தங்கச்சியைத் தூக்கிப்போய், போன மாத நிறையைச் சொல்லி, அரிசி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கடைக்காரர் பலகைத் தட்டைத் துடைத்துக் கொடுத்தார். படிக்கல்லைப் போட்டுப் போட்டு எடுத்தார்.

"அப்பிடியேதான் நிக்குது அம்மா. குறையேல்ல. கூடவும் இல்லை."

அம்மா வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு, "எல்லாம் செய்யிறன், எல்லாம் செய்யிறன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அழுதார். "காலமை தின்னுறாள், பின்னேரம் தின்னுறாள். மத்தியானம் மட்டும் வாயே திறக்கிறாளில்லை. ஏனெண்டு விளங்கேல்லயே."

எனக்கு விளங்கியது. அன்றே போத்தலைத் தையல் மெசினின் மூடிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டேன். அந்த ஏழு மத்தியானமும் தங்கச்சி கத்தின கத்தல் இப்போதும் காதுக்குள் நிற்கிறது. அம்மா எழும்பி வந்து, காரணம் தெரியாமலே அவளுக்குச் சோறு ஊட்டினார். முதல் இரண்டு நாள் துப்பினாள். மூன்றாம் நாள் தின்றாள். ஆனால் ஏழு நாள் போதுமா? விரலை விட்டு எண்ணிக்கொண்டு திரிந்தேன். இதற்கிடையில் திரியாய் பஸ் கொண்டக்டரிடம் மாமி சொல்லி அனுப்பியிருந்தார்: நிறுக்கிற நாளன்று வருகிறேன், பிள்ளையின் உடுப்பைத் தோய்த்துவை.

அம்மா தோய்த்துவைத்தார். கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் கச்சான் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்தக் காலையில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. தராசுக்கு என்ன தெரியும்? பிள்ளைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தானே நிறுக்கும். மிட்வைஃப் ஊற்றிக் காட்டிய கிண்ணம் நினைவுக்கு வந்தது. வயிற்றை நிரப்பிவிட்டால் முள் ஏறும். அம்மா கிணற்றடியில் குளிக்கிற நேரம் போத்தலை எடுத்தேன். வெறும் தண்ணீரை அவள் தள்ளிவிட்டாள், ஆகவே சீனி போட்டேன். ஏழு நாள் கிடைக்காத சாமான், இழுத்து இழுத்துக் குடித்தாள். ஒன்று முடிய இரண்டு, இரண்டு முடிய மூன்று. கடைசிப் போத்தலில் அவள் முகத்தைத் திருப்பினாள். பிடித்து வைத்துக் கொடுத்தேன். போத்தலைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்களோடு வாசிகசாலைக்குப் போனேன்.

மாமி ஏற்கெனவே அங்கே மர வாங்கில் இருந்தார். மடியில் ஒரு சீலைப் பை, வெறும் பை.

தங்கச்சியைக் காற்சட்டைக்குள் விட்டுத் தொங்கவிட்டார்கள். முள் ஓடியது. போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டியது, இன்னும் தாண்டி நின்றது. அம்மா என் தோளில் வைத்திருந்த கை இளகியது. மாமிகூட எழும்பி வந்து பார்த்தார். மிட்வைஃப் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

"பார்த்தீங்களா அம்மா, நான் சொன்னன் தானே—"

தங்கச்சி ஒரு விக்கல் எடுத்தாள். அடுத்ததாக வாயாலும் மூக்காலும் தண்ணீராய் வந்தது. காற்சட்டை நனைந்து, மிட்வைஃபின் வெள்ளைச் சட்டை நனைந்து, நிலத்தில் சொட்டியது. முள் பின்னுக்கு வந்தது. எல்லாரும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மிட்வைஃப் கையை மூக்கருகில் கொண்டுபோனார். "சீனித் தண்ணி," என்றார். "இதை ஆர் குடுத்தது? நிறை ஏறவேணுமெண்டு குடுத்ததோ?"

வாங்கில் இருந்த தாய்மாரெல்லாம் திரும்பினார்கள். அம்மா என்னைப் பார்த்தார். என் பாவாடைப் பை நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தார். ஒரு கணந்தான்.

"நான்தான் மிஸ்," என்றார். "நான்தான் குடுத்தனான்."

சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் வருவதற்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

மாமி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "உனக்குப் பிள்ளை பெரிசோ, கோடு பெரிசோ?" என்று மட்டும் கேட்டார். மிட்வைஃப் தங்கச்சியைத் துடைத்து, காற்சட்டையைப் பிழிந்து, இன்னொருமுறை தொங்கவிட்டார். அட்டையில் ஏதோ எழுதினார். அதற்குள் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினார். மிட்வைஃப் அட்டையை மடித்து என் கையில் வைத்தார்.

"இதை அம்மாட்டக் குடு. கட்டாயம் பார்க்கச் சொல்லு."

நான் கொடுக்கவில்லை. சீனித் தண்ணீர் கொடுத்தது நான்தான் என்று மிட்வைஃப் கண்டுபிடித்து அதில் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். விரித்துப் பார்க்கப் பயம். அலுமாரியின் அடித்தட்டில் பழைய சீலைகளுக்குக் கீழே செருகிவிட்டேன். பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் தங்கச்சி போனாள். போத்தலை மதிலுக்கு மேலால் துறைமுகப் பக்கம் எறிந்தேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்கு என்றுதான் பேச்சு. இரண்டாம் மாதம் அம்மா கூட்டிவரப் போனார், நானும் போனேன். கன்னம் உப்பி, காலில் மடிப்பு விழுந்து, தங்கச்சி முற்றத்தில் கோழி துரத்திக்கொண்டு நின்றாள். அம்மா கையை நீட்டியதும் ஓடிப்போய் மாமியின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா நீட்டிய கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும் மச்சாள், இன்னும் கொஞ்சநாள் இருக்கட்டும்," என்றார். அந்தக் கொஞ்சநாள் முடியவே இல்லை. தங்கச்சி மாமியை அம்மா என்றாள். எங்கள் அம்மாவை, பட்டணத்தில் இருக்கிறவர் என்று, ரவுண் அம்மா என்றாள். பள்ளி விடுமுறைக்கு வந்தால், தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் குடிப்பாள், விருந்தாளி மாதிரி.

ரவுண் அம்மா மூன்று வருடத்துக்கு முன் கண்ணை மூடினார். அலுமாரியை நான்தான் காலியாக்கினேன். அட்டை அடித்தட்டில் இல்லை. மேல்தட்டில், அம்மாவின் கூறைச் சீலைக்குள் இருந்தது. விரித்தேன். மிட்வைஃப் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. ஒரு புள்ளி வைத்திருந்தார், போன மாதப் புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்திருந்தார். கோடு மேலே போனது. கொஞ்சந்தான், ஒரு நெல்மணி அளவு. தங்கச்சி குடித்ததையெல்லாம் கக்கிய பிறகு நிறுத்த நிறை அது. ஏழு நாள் தின்ற மத்தியானச் சோறு.

அட்டையின் மடிப்பு நைந்து, விரித்தால் இரண்டாகிவிடும் போல இருந்தது. அவ்வளவு தடவை விரித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அம்மா அதை எப்போது கண்டெடுத்தார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் ஒரு சொல் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மேசையில் பாதி எழுதின மட்டை கிடந்தது. "ஏனக்கா, மூண்டோட நிண்டுட்டுது?" என்று கேட்டாள். நான் அட்டையை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்துவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துப் போத்தல், புத்தகம், மூன்று முறை நிரப்பியது, அம்மா என்னைப் பார்த்த பார்வை, மிட்வைஃப் சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. இந்தமுறை வரிசையில் எல்லாவற்றையும் வைத்தேன்.

அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசிக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, இரண்டு மூன்று தரம் ஓட்டினாள்.

"அப்ப நான் போயிருக்கத் தேவையில்லை," என்றாள். "என்னக்கா?"

"ஓம்," என்றேன். "தேவையில்லை."